உடைந்த வைரத்தின் விலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே கத்திரி வெயில். நம் தெருமுனையில் கம்பி தொய்ந்து கிடக்கிறது. ரிட்டயர் ஆகி ஆறு வருடமானாலும் நடக்கும்போது கண் மேலேதான் போகிறது. சூடேறினால் கம்பி தொய்யும், கரண்ட் ஓடுவதற்கு அதில் இருக்கும் தடையும் கூடும். முப்பது வருடம் கம்பம் ஏறியவனுக்கு இது தெரியும். குளிர்ந்தால் தடை குறையும் என்பதும் தெரியும். அடியோடு இல்லாமலே போகும் என்பதை நீ சொல்லித்தான் கேட்டேன். 1911இல் லைடன் நகரில் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது அப்படி நடந்தது என்று நீ சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் அந்த அழுகிய முட்டை நாற்ற வாயு, ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, காற்றழுத்தத்தைப் போல 15 லட்சம் மடங்கு நசுக்கினால் அவ்வளவு குளிர்கூட வேண்டாம், மைனஸ் 70 போதும் என்று 2015இல் ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் காட்டினார்களே, அதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முடியின் தடிமன்கூட இல்லாத துணுக்கில் என் மகள் நாலு முனை வைக்கிறாள், இரண்டில் கரண்ட் விட்டு மற்ற இரண்டில் வோல்ட் பார்க்கிறாள், இணைப்புக் கம்பியின் தடை கணக்கில் சேராது என்றேன். கல்யாணப் பேச்சோடு வந்த உன் சித்தப்பா அதைப் பேசாமலே போய்விட்டார்.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். ராத்திரி வெகுநேரம் லேபில் இருக்காதே. வாரம் ஒரு போன்கூடவா முடியாது?

சரி, சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. அன்று நீ "வைரம் உடைஞ்சிடுச்சுப்பா" என்றாய். நான் "எவ்வளவு விலை?" என்று கேட்டேன். அதற்கப்புறம் நீ பேசவில்லை. எனக்கு அம்மாவின் தோடும் அந்த அடகுக்கடைப் படியும் ஞாபகம் வந்துவிட்டது. அது ஒரு சமாதானம் இல்லை. உன் குரல் உடைந்திருந்தது எனக்குக் கேட்டது பாப்பா. கேட்டும் விலையைத்தான் கேட்டேன். ஏழு வயதில் நீ ரேடியோவைப் பிரித்துப் போட்ட அன்றும் இதே கேள்வி. எதற்குப் பிரித்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை.

எந்த அழுத்தத்தில் உடைந்தது? அதுவரை தடை இறங்கிக்கொண்டு வந்ததா? எழுது. கண்ணாடியை மறக்காதே.

அப்பா