பவர் பத்திரமும் பாளையங்கோட்டை முகவரியும்

கில்லீன், டெக்சாஸ்
ஜூன் 8

அன்புள்ள கோமதி,

இங்கு நானும் பையனும் நலம். நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான்கு மாதம் எழுதாமலிருந்ததற்கு வேலைப்பளுதான் காரணம் என்று தொடங்கிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். உண்மைக் காரணம் வேறு. அதற்கு வருமுன் கொஞ்சம் சுற்றி வளைப்பேன், நீ திட்டக்கூடாது.

பிப்ரவரியில் ராணுவத்தில் இவரைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டார்கள், ஒன்பது மாதம். புறப்படுவதற்கு முந்தைய வாரம், ஃபோர்ட் ஹூட் முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். படையினருக்கும் குடும்பத்தினருக்கும் அங்கே ஒரு காசு கட்டணம் கிடையாது. இவர் எனக்குப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது நம்மூர் பவர், எழுதிக் கொடுத்தார். வண்டிக்கு, வங்கிக்கு, வரிக்கு என்று தனித்தனியாகவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பொதுப் பத்திரத்தைக் கண்டால் சில இடங்களில் முரண்டு பிடிப்பார்கள் என்று அந்த இளம் வழக்கறிஞர் படித்துப் படித்துச் சொன்னார். இவருக்கோ மூட்டை கட்டும் அவசரம். ஒன்றே போதும் என்றுவிட்டார்.

போதவில்லை. வங்கியில் இருந்த அம்மாள் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டிவிட்டு, இதில் எங்கள் வங்கியின் பெயரே இல்லையே என்று திருப்பிக் கொடுத்தாள். ராணுவ வழக்கறிஞர் தயாரித்த பத்திரத்தை, மாநிலச் சட்டம் கேட்கும் வடிவத்தில் இல்லை என்பதற்காகத் தள்ளக்கூடாது என்று கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. அதெல்லாம் அந்த அம்மாளின் மேசைக்கு எட்டவில்லை. இவர் குவைத்திலிருந்து தனிப் பத்திரம் எழுதி அனுப்பி, அது வந்துசேர மூன்று வாரமாயிற்று.

பவர் வைத்திருப்பவர் ஒப்பமிடும் முறை உனக்குத் தெரிந்ததுதான்: முதலில் இவர் பெயர், பிறகு ‘அவருக்காக’ என்று என் பெயர். சுப்பிரமணியன் என்ற அந்த நீளப் பெயரை ஒரு நாளில் பத்து முறை எழுதியிருக்கிறேன். ரேஷன் கார்டுக்காரர் தாத்தாவின் பெயரைக் கேட்டபோது, ஆச்சி வாயைத் திறக்காமல் திருச்செந்தூர்ப் பக்கம் கையைக் காட்டியது நினைவிருக்கிறதா? அவளுடைய பேத்தி இப்போது புருஷன் பெயரை எழுதி வயிறு வளர்க்கிறாள்.

இனி ஆடிட்டரம்மாவுக்கு இனிக்கும் பகுதி. குவைத் 1991 முதல் வரிச் சட்டத்தில் போர்ப்பகுதி. மாதத்தில் ஒரே ஒரு நாள் அங்கே பணியில் இருந்தாலும், அதிகாரி அல்லாத படைவீரருக்கு அந்த மாதச் சம்பளம் முழுவதற்கும் வருமான வரி இல்லை. அதிகாரிகளுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. கணக்குத் தாக்கல் செய்யவும், அங்கிருந்து கிளம்பிய பிறகு 180 நாள் அவகாசம், போகும்போது கடைசி நாளான ஏப்ரல் 15க்கு மிச்சமிருந்த நாள்களும் சேர்த்து. நான் காத்திருக்கவில்லை, திரும்ப வர வேண்டிய பணம் இருந்தது. கணவர் போர்ப்பகுதியில் இருந்தால், பவரே இல்லாவிட்டாலும், ஒரு விளக்கக் குறிப்பில் கையெழுத்திட்டு இணைத்து, கூட்டு வரிக் கணக்கில் அவருக்கும் சேர்த்து மனைவியே ஒப்பமிடலாம். வரித்துறை நம்பும் மனைவியை வங்கி நம்பவில்லை, பார்.

உன்னிடம் ஒரு வேலையும் உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் இருப்பு எல்லாம் சேர்ந்து, ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், இங்கே தனியாகத் தெரிவிக்க வேண்டும். அப்பா தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் போட்ட வைப்புத்தொகையும் இதில் அடங்கும். போன ஆண்டின் அதிகபட்ச இருப்பை வங்கியில் கேட்டு அனுப்பு. அப்பாவிடம் கேட்டால், பணத்தை எடுக்கப் போகிறேனோ என்று பயந்துவிடுவார்.

குடியுரிமை பற்றிக் கேட்டிருந்தாய். கணவன் போர்ப்பகுதிக்குப் போனால் மனைவிக்கு உடனே கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நானும் நம்பினேன். அப்படியில்லை. அந்தக் குறுக்குவழி, கணவனோடு வெளிநாட்டு முகாமில் போய்க் குடியிருக்க அனுமதி பெற்ற மனைவிக்குத்தான். குவைத்துக்கு என்னை யார் அழைத்தார்கள்? பச்சை அட்டை வாங்கி மூன்று ஆண்டு நிறையும்வரை காத்திருக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். இவரோ மாணவர் விசாவில் இருந்தவர். 2009 முதல் 2016 வரை மொழித்திறனுக்காக வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த திட்டத்தின் பட்டியலில் தமிழும் இருந்ததால் உள்ளே நுழைந்து, பயிற்சி முடிந்த கையோடு, கட்டணமே இல்லாமல் குடிமகன் ஆனவர். தமிழ் இரண்டாம் தாளில் 38 வாங்கிய மனிதர்! திலகவதி டீச்சரிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உயிலும் எழுதினோம். அந்த வழக்கறிஞர் எதையும் மறைக்காமல் சொன்னார்: இவர் போரில் காணாமற்போனால், மனைவிக்குக் கொடுத்த பவரின் காலம் தானாக நீளும், இறந்தால் அந்தக் கணமே பவரும் செத்துப்போகும், அதற்குப் பிறகு உயில்தான் பேசும். நாங்கள் இருவருமே இல்லையென்றால் பையன் யாரிடம் வளர வேண்டும் என்று அடுத்த கேள்வி. டல்லாஸில் இருக்கும் நாத்தனாரின் பெயரைத்தான் எழுதுவதாகப் பேசியிருந்தோம். பேனா என் கையில் இருந்தது. எதையும் பார்க்காமல் உன் பெயர், கதவு எண், தெற்கு பஜார், பாளையங்கோட்டை என்று எழுதி முடித்துவிட்டேன். இவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தன் உயிலிலும் அதையே எழுதச் சொன்னார். குழந்தையை வெளிநாட்டில் ஒப்படைப்பது என்றால் நீதிமன்றம் கூடுதலாக ஆராயும், முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் வழக்கறிஞர். கேட்டாயிற்று என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்துதான் உனக்கு எழுதக் கை வரவில்லை.

இப்போது கேட்கிறேன். முடியாது என்றாலும் எழுது, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது. என் உயிலை நாளைக்கே மாற்றிவிடலாம். அவருடையதை நான் தொட முடியாது. அவர் வண்டியை விற்க இடம் கொடுக்கும் பவர், அவர் உயிலில் ஓர் எழுத்தை மாற்ற இடம் கொடுக்காது. அவரேதான் அங்கே இருக்கும் சட்ட அலுவலகத்தில் புதிதாக எழுத வேண்டும்.

அத்தையிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

உன்,
வசந்தா