செல்விக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. கவினிடம் சொல். அவன்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அம்மா கன்றுக்கு இன்னும் பெயர் வைக்காமல் இருக்கிறாள்.

நீ அனுப்பிய நாமினி பாரம் வந்து சேர்ந்தது. அதை இன்னும் பேங்கில் கொடுக்கவில்லை. கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப் போகாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேனா சரியில்லை போலிருக்கிறது. வேறு பாரம் வாங்கி வருகிறேன், அவசரம் இல்லை.

நான் கண்டக்டராக இருந்தபோது நைட் ஹால்ட் முடிந்து வரும் நாட்களில் என் வேபிலை, அதாவது டிக்கெட் விற்ற கணக்கை, ஒரு தாளில் எழுதிக் கூட்டிச் சரி பார்ப்பாயே, நினைவிருக்கிறதா? ஆறாம் வகுப்பு படிக்கும்போது. முத்து முத்தாக இருக்கும். டெப்போவில் காட்டினால் யார் எழுதியது என்று கேட்பார்கள். என் மகள் என்று சொல்வேன். அந்தத் தாள்களில் இரண்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பஸ்ஸில் விழுந்தது பிப்ரவரி 19. உன் பெரியம்மா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதுவும் பத்து நாள் கழித்து. அதற்கு நான் கோபப்பட்டேன், நீயும் அழுதாய், அதோடு முடிந்தது. இப்போது அதைப் பேசவில்லை. ஆனால் பிப்ரவரி 19 என்றால் ஆறு மாதம் ஆகஸ்ட் 19-இல் முடிகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் பழனிக்குப் போய்த் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நஷ்டஈடு கேட்டு மனுப் போட முன்பு காலக்கெடு இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஆறு மாதம் என்று ஆகிவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதாம். காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது என்றார். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். நானும் அதையே சொல்கிறேன். ஆகஸ்ட் 19-க்குள் போட்டுவிட வேண்டும்.

நீ போனில் சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கேள்.

முதலில், ஓசி டிக்கெட்டில் போனவளுக்கு நஷ்டஈடா என்று அந்தக் கண்டக்டர் கேட்டதாகச் சொன்னாய். அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அப்படிப் பேசலாமா? அது ஓசி இல்லை கண்ணு. பெண்களுக்கான அந்தப் பயணத்துக்கு அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. உன் கையில் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டும் சீட்டுதான். நீ கேட்பது டிக்கெட் காசுக்கு ஈடு இல்லை. வண்டியில் ஏறியவரைப் பத்திரமாக இறக்கிவிடுவது ஓட்டுகிறவரின் கடமை. அந்தக் கடமை பத்து ரூபாய் கொடுத்தவருக்கு ஒரு மாதிரி, கொடுக்காதவருக்கு ஒரு மாதிரி என்று கிடையாது. சீட்டு தொலைந்துவிட்டது என்றாலும் பயப்படாதே. அந்த டிரிப்புக்குக் கணக்கு இருக்கும். எந்த ரூட், எத்தனை மணி, எந்த ஸ்டாப்பில் ஏறினாய் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வை. இல்லை, மாப்பிள்ளையை எழுதச் சொல்.

அடுத்தது, பஸ் எதிலும் மோதவே இல்லையே, இது விபத்தா என்று கேட்டாய். விபத்துதான். நீ கம்பியைப் பிடிக்கும் முன்பே வண்டியை எடுத்து, வேகத்தடையில் வேகம் குறைக்காமல் தூக்கிப் போட்டார். நீ படிக்கட்டுக் கம்பியில் போய் விழுந்தாய். வண்டி ஓடியதால் ஏற்பட்ட காயம் இது. உள்ளே விழுந்தாலும் வெளியே விழுந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

மூன்றாவதாக நீ சொன்னதுதான் என்னைச் சுட்டது. "அந்த டிரைவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், நீங்களும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவர்தானே அப்பா" என்றாய். உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். கை உடைந்து கிடக்கும்போது யார் இப்படி நினைப்பார்கள்? ஆனால் கணக்கு அப்படி இல்லை. சாதாரண வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அரசுப் பஸ்களுக்கு இன்சூரன்சிலிருந்து விலக்கு கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் பதிலாகக் கழகம் தனியாக நிதி வைத்திருக்க வேண்டும். உத்தரவு கழகத்தின் பேரில்தான் வரும், கழகம்தான் கட்டும். பேப்பரில் பார்த்திருப்பாயே, நஷ்டஈடு கட்டவில்லை என்று அரசுப் பஸ்ஸை ஜப்தி செய்வதை. டிரைவர் வீட்டை ஜப்தி செய்ததாகப் பார்த்திருக்கிறாயா? என் வண்டியையே ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கோர்ட் அமீனா வந்து ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார். ஏறி உட்கார்ந்திருந்த ஐம்பது பேரை இறக்கிவிட்டேன். எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அன்றைக்கு எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. யாரோ ஒரு குடும்பம் அந்தப் பணத்துக்கு எத்தனை வருடம் அலைந்திருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

டிரைவருக்கு மெமோ வரலாம், விசாரணை வரலாம். அது டிபார்ட்மென்ட் வேலை, நீ மனுப் போடாவிட்டாலும் வரும். நீ போடுவது கிரிமினல் கேஸ் இல்லை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப இல்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டபோது பேச்சை மாற்றினாய். கொடுக்கவில்லை என்றால் இப்போது போய்க் கொடு. தாமதமான புகார் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், ஸ்டேஷனுக்கு இல்லை என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். நீ முதலில் போனது அரசு ஆஸ்பத்திரி. அங்கே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதியிருப்பார்கள், பஸ்ஸில் விழுந்தது என்று. அந்த ஏ.ஆர். காப்பிதான் முக்கியம். அதை வாங்கு. எக்ஸ்ரே, பிளேட் வைத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில், ஆட்டோவுக்குக் கொடுத்தது வரை ஒன்றையும் தூக்கிப் போடாதே. ஏ.ஆர். காப்பியை மறக்காதே.

பிளேட் வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கவின் பிறந்தநாள் போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேக்கை ஏன் இடது கையால் ஊட்டுகிறாள் என்று மட்டும் சொன்னாள். போட்டோ திரும்பித் தெரியும், செல்போனில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

பவர் டேபிளில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கு மணிக்கட்டுதான் எல்லாம். அது கோர்ட்டுக்கும் தெரியும். 2011-இல் வந்த இன்னொரு தீர்ப்பை வக்கீல் சொன்னார். ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதுவது வேறு, அதனால் சம்பாத்தியம் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு. ஒரு தச்சருக்கோ டிரைவருக்கோ இடது கை போனால் சம்பாத்தியமே போனது போல. அரசு ஆபீஸ் கிளார்க்குக்குப் போனால் வேலை அப்படியே இருக்கலாம். அதனால் நீ என்ன வேலை செய்கிறாய், ஒரு ஷிப்டுக்கு முன்பு எத்தனை பீஸ் தைத்தாய், இப்போது எத்தனை என்று சொல்ல வேண்டும். கம்பெனிக் கூலி நோட்டைப் பத்திரமாக வை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. சம்பாத்தியத்தில் 20 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொண்டால் 36,000. உன் வயதுக்கு, அதாவது 31-லிருந்து 35 வரைக்கும், பெருக்க வேண்டிய எண் 16. இது 2009-இல் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பட்டியல். 36,000-ஐ 16-ஆல் பெருக்கினால் 5,76,000. மருத்துவச் செலவு, வலிக்கு, சத்துணவுக்கு, கூட இருந்து பார்த்தவர்களுக்கு, வேலைக்குப் போகாத மாதங்களுக்கு என்று தனித்தனியாகக் கேட்கலாம். மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். இதெல்லாம் அப்படியே கிடைக்கும் என்று சொல்லவில்லை. 20 என்பது நான் போட்ட எண். கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதே. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நம்பர் கொடுத்தவனிடம் போகாதே. வந்த பணத்தில் பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று கூப்பிடுவார்கள். சீக்கிரம் முடியும்தான். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் அப்பீல் கிடையாது. அதனால் என்னைக் கேட்காமல் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதே. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே யாராவது மூவாயிரம், ஐயாயிரம் கொடுத்து ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் சொல்லிவிடு. திட்ட மாட்டேன். அப்படி இருந்தாலும் கேட்க வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கலாம்.

இதை எல்லாம் நான் போன வாரம்தான் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதே. பாதி எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று உனக்கும் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் ஆயக்குடிக் கொய்யா கொண்டு வருவேன். தோல் பையின் வெளி அறையில் நாலு பழம் இருக்கும், சில்லறைக்குப் பக்கத்தில். நீ சில்லறையைத் தொடாமல் பழத்தை மட்டும் எடுப்பாய். ஒருநாள் கொண்டு வருவது நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டாய். சீசன் முடிந்துவிட்டது என்றேன். அடுத்த வருடமும் கேட்டாய். அதற்கும் ஏதோ சொன்னேன்.

அந்தக் கொய்யாவைக் கொடுத்தது ஆயக்குடி ஸ்டாப்பில் கூடையோடு ஏறும் ஒரு அம்மா. லக்கேஜ் டிக்கெட் போட மாட்டேன், அதற்கு நாலு பழம். 1999-இல் ஒருநாள் காலை டிரிப் இருபது நிமிடம் லேட். கூடையை மேலே வைத்துவிட்டார், ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நான் பின்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்தேன். டிரைவர் எடுத்துவிட்டார். பின் சக்கரம் அவர் பாதத்தில் ஏறியது.

கேஸ் போட்டார்கள். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். இன்கிரிமென்ட் போகும், சஸ்பென்ஷன் வரும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். என்ன சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் கூண்டில் ஏறி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா ஓடி வந்து ஏறினார் என்று சொன்னேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாமி, நீங்கதானே விசில் கொடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர் பேரிலும் பாதித் தவறு இருக்கிறது என்று சொல்லி வர வேண்டிய தொகையைப் பாதியாக்கிவிட்டார்கள். நான் ரூட்டை மாற்றி வாங்கிக்கொண்டேன். அந்த ஸ்டாப் வழியாகப் பிறகு போனதே இல்லை.

நாளைக்கு உன் கேசிலும் அந்தக் கண்டக்டர் கூண்டில் ஏறுவார். நீ கம்பியைப் பிடிக்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தாய் என்று சொல்வார். எனக்கு அது இப்போதே காதில் கேட்கிறது. அதனால்தான் உன் கூட அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்த பெண்ணின் பெயரை வாங்கி வை என்கிறேன். உன்னைத் தூக்கி உட்கார வைத்தாளே, அதே கம்பெனிப் பெண், அவள். அவள் சாட்சி வேண்டும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், ஒட்டன்சத்திரம் வந்து தாராபுரம் வழியாக. மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் அவர் சங்கடப்படுவார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்ந்து போகலாம். நான் ஒன்றும் பேச மாட்டேன், பக்கத்தில் நிற்கிறேன். ஆகஸ்ட் 19-க்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

நாமினி பாரத்தையும் எடுத்து வருகிறேன். எழுத முடியவில்லை என்றால் சொல், இடது கையால் போட்டாலும் பேங்கில் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா