செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் செயற்குழு வழக்கம்போல் கூடியது. குறும்படப் பயிலரங்கு நடந்தது. நூலக அலமாரிக்குப் பூட்டு போட்டாயிற்று.

ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் படவரிசையே இவ்வாண்டின் முக்கியப் பணி. ஒரே ஆளுக்கு எதற்கு இத்தனை திரையிடல் என்று கேட்டார்கள். 1976-இல் ஒரு படத்துக்காக நடிகர்களில் பெரும்பாலோரை ஹிப்னாடிச மயக்கத்தில் நடிக்க வைத்தவர் அவர். 'நோஸ்ஃபெராட்டு' படப்பிடிப்பு முடிந்த கையோடு அதே குழுவை வைத்து 'வோய்ட்செக்'கை 18 நாளில் எடுத்தார். 2010-இல் பிரான்சின் சோவே குகை ஓவியங்களை 3டி-யில் படமாக்கினார். இரண்டு படம் போட்டு ஒப்பேற்றக்கூடிய ஆளா இவர்?

'அகிரே' (1972) திரையிடல் குறித்து வந்த புகாருக்கு விளக்கம்: உதடும் ஒலியும் பொருந்தாதது புரொஜெக்டர் கோளாறு அல்ல. பல நாட்டு நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசி நடித்த படம் அது. ஜெர்மன் வசனம் பிறகு சேர்த்தது. அதில் கதாநாயகன் கிளாவுஸ் கின்ஸ்கிக்குக் குரல் கொடுத்தவரும் வேறொருவர். இன்னொன்று, இது அகல-உயர விகிதம் 4:3-ஐ ஒட்டிய சட்டகம். 16:9 திரையை நிரப்பப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். பக்கவாட்டில் இழுத்தால் முகம் சப்பையாகும். பெருவின் மலைச்சரிவில் மேகத்துக்கு நடுவே எறும்புச் சாரையாக ஆட்கள் இறங்கும் அந்த முதல் காட்சிக்கு உயரம்தான் உயிர். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

'ஃபிட்ஸ்கரால்டோ' (1982) இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். 320 டன் கப்பலை, மினியேச்சர் தந்திரம் எதுவுமின்றி, முழுசாகவே மலையேற்றினார்கள். கதைக்கு மூலமான நிஜ ரப்பர் வியாபாரி, அதைவிட மிகச் சிறிய கப்பலையே கழற்றித்தான் கொண்டுபோனார். சரிவு சுமார் 40 பாகை. ஆபத்து என்று எச்சரித்த பொறியாளர் விலகிக்கொண்டார். முதலில் கதாநாயகனாக நடித்த ஜேசன் ரோபார்ட்ஸ் நோயுற்று வெளியேறியதால், ஏறத்தாழ 40 சதவீதம் எடுத்ததைத் தள்ளிவிட்டு, கின்ஸ்கியை வைத்து மறுபடி தொடங்கினார்கள். ஹெர்சாக்கின் பிடிவாதத்தில் பணியாளர்கள் காயமடைந்ததையும் மறைப்பதற்கில்லை. கப்பல் ஏறுவது பிற்பகுதியில். தேநீர், வடையோடு கிளம்பிவிட்ட உறுப்பினர்களுக்கு அது கிட்டவில்லை. செயற்குழுவில் இந்த வரிசை வேண்டாம் என்றவர்களில் எவரும் ஒரு திரையிடலுக்கும் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது, பெயர்களை வாசிக்கவில்லை.

அரங்கம் தந்தவர்களுக்கும், புரொஜெக்டர் இயக்கியவருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஹெர்சாக்கின் ஆவணப்படங்களைப் போடலாம் என்பது என் யோசனை. குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்ததைக் காட்டும் 1992-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில், பிரெஞ்சுத் தத்துவஞானி பாஸ்கல் சொன்னதாக ஒரு மேற்கோள் வரும். அது ஹெர்சாக்கே எழுதியது. ஆவணப்படத்தில் இது தகுமா என்று விவாதிக்க நாலு பேராவது வேண்டும். திரையிடல் உரிமத்துக்கு முன்பணமும் கட்ட வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் நான் அங்கேதான் இருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்