அந்தப் பைப்பு இருக்குதா?

கண்ணு,

நேற்று நீ போனில் சொன்ன அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற இங்கிலாந்து கால்பந்து கிளப்பின் கதையை உங்கப்பாவிடம் சொன்னேன். 1962-ல் கடன் தாங்காமல் சீசன் நடுவிலேயே லீக்கை விட்டுப் போன கிளப், 1968-ல் மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்து 2006-ல் பழைய லீக்குக்கே திரும்பிவிட்டது என்றதும் மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அதுவும் பஞ்சாலை ஊருதானே, நாம எவ்வளவோ பரவாயில்லை, பதிமூணு வருசத்துலயே திரும்பிட்டோம்" என்று ஒரே பெருமை. அவர்கள் திரும்பி வந்த அதே 2006-ல்தான் நம் ஊர் கிளப் நின்றது, அதைச் சொன்னால் முகம் சுருங்கும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பசங்கள் கிளப்பின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதி, "படிச்சுப் பாருங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மில்லை மூடினார்கள், கிளப்பும் நின்றது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். மில்லை மூடியபோது நீ சின்னப் பையன். மில் சங்கு நின்ற பிறகும் இவர்கள் மூன்று வருசம் ஆடினார்கள் கண்ணு, வேலை போனவன் எல்லாம் சாயங்காலமானால் கிரவுண்டுக்குத்தான் வந்தான். திருப்பூரில் கழித்துப்போட்ட பச்சை பனியன் துணியில் தைத்த ஜெர்சி பதினொன்றையும் துவைத்தவள் நான், உங்கப்பா வேட்டியெல்லாம் பச்சையாகிப் போகும். அந்த இரண்டு பக்கத்தில் என் பேர் இல்லை, அது போகட்டும்.

நின்றது உன் மாமனால், இல்லை உங்கப்பாவால். பாலக்காட்டுப் பக்கம் ஒரு செவன்ஸில், அதுதான் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற பந்தயத்தில், இரண்டாம் பரிசு வாங்கினார்கள். கால் முறிந்த பையனுக்கு மாவுக்கட்டுப் போட மாமன் அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இவரும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பசங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு "கணக்கு எங்க மச்சான்?" என்றார். கோல்கீப்பருக்கு அவ்வளவு ரோஷம் ஆகாது, ஆனால் எங்கள் அண்ணனுக்கு உண்டு. வலையையும் பந்தையும் அவர் தூக்கிக்கொண்டு போனார், கோல்போஸ்ட் பைப்பை இவர் நம் பொடக்காளியில் கொண்டுவந்து போட்டார். நான் அதை நட்டுப் பாகற்கொடி ஏற்றிவிட்டேன். உன் சீருக்குக்கூட மாமன் வாசலோடு நின்றுவிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், காரணத்தை அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம் 2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி டீம், மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பையை வாங்கிய நாள். முதல் கோலை மினர்வா போட்டபோது கேலரியில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்களாம், இவர் திரும்பிப் பார்த்தால் இரண்டு படி கீழே உன் மாமன். மேட்ச் முடிகிறவரை பேசவில்லை. கூட்டம் கலையும்போது மாமன்தான் கேட்டிருக்கிறார், "அந்தப் பைப்பு இருக்குதா மாப்ள?"

அந்த ராத்திரியே டார்ச் அடித்துக்கொண்டு வந்து, காய்த்துத் தொங்குகிற கொடியை அறுத்து, பைப்பைப் பிடுங்கினார்கள். பழைய கிரவுண்டு சைட் போட்டு வீடுகளாகிவிட்டதால், இப்போது ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் காட்டில் ஆட்டம். கொரோனாவில் நின்று மறுபடி தொடங்கி, பசங்கள் இருபது பேர் வருகிறார்கள். வலை கட்டும்போது எந்த முடிச்சு போடுவது என்பதில் மட்டும் இருவருக்கும் வாரம் தவறாமல் சண்டை.

பரிசுப் பண விவகாரத்தையும் எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "மில்லுன்னே இருக்கட்டும்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, நீ என்ன சொல்கிறாய்? பாகற்கொடிக்கு மூங்கில் நட்டிருக்கிறேன், இன்னும் சரியாக ஏறவில்லை.

அம்மா