மிருதங்கத்துக்கு இல்லாத சேமநிதி

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நேரத்தில் சிங்கப்பூர்த் தேக்காவில் எதிர்ப்பட்ட உறவினர் ஒருவர் என் மகனைப் பற்றி, "தம்பி இப்போது என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். எந்த வேலையைச் சொல்வதென்று விழித்தேன்.

1997இல் பிறந்த என் மகன் மிருதங்கக் கலைஞன். வாரம் இரண்டு பிற்பகல் ஒரு பள்ளியில் இணைப்பாட வகுப்பு. சனி, ஞாயிறு வீட்டில் மாணவர்கள். மற்ற இரவுகளில் சைக்கிளில் உணவு விநியோகம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டும் ரவை டப்பா உணவுப் பைக்குள்ளேயே கிடக்கும். "எதிலும் நிலையாக இருக்கமாட்டாரோ?" என்றார் அவர், அக்கறையோடுதான். அவருக்குச் சொல்லாமல் விட்ட கணக்கை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாட்டிய நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் ஒத்திகை. சம்பளமோ மேடையேறும் ஒரு மாலைக்கு. அதுவும் சென்ற முறை மூன்று மாதம் கழித்து, நாலு முறை நினைவூட்டிய பிறகு வந்தது. மூட்டு, அதாவது வாசிக்கும் தோல் பகுதி, மாற்ற வேண்டுமென்றால் சென்னைக்குப் போகிறவர்களைக் கெஞ்சி வாத்தியத்தைக் கொடுத்தனுப்புகிறோம். அது திரும்பும்வரை வாசிக்க இன்னொன்று வேண்டும்.

2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டத்தால், 1995இலும் அதன் பிறகும் பிறந்த, செயலி வழி வேலை செய்யும் விநியோக ஊழியர்களுக்கு நிறுவனமும் மத்திய சேமநிதி எனும் கட்டாயச் சேமிப்புக்குப் பணம் செலுத்துகிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. மிருதங்கம் வாசிக்கும்போது அவன் சுயதொழில் செய்பவன். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சேமநிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவுக்கு அவனே கட்டவேண்டும். அவனை வாசிக்கக் கூப்பிடும் ஏற்பாட்டாளர்கள் அதில் ஒரு காசு போடுவதில்லை. உணவு கொண்டுபோகும்போது விழுந்து விரல் முறிந்தால் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒத்திகைக்கு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் விழுந்து அதே விரல் முறிந்தால்? பதினைந்து வருடம் பழக்கிய விரல் ஐயா அது.

உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட, 18 வயதான சிங்கப்பூரர்களுக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் அரசாங்கம் 2025 செப்டம்பரில் 100 வெள்ளி கொடுத்தது. நல்ல காரியம், நானும் பயன்படுத்தினேன். இருக்கை நிறைந்தாலும் மேடையில் இருப்பவனுக்குப் பேசிய தொகைதான்.

சென்ற நிகழ்ச்சியின் ஒப்பந்தத்தை நானும் படித்துப் பார்த்தேன். அவன் தாமதமாக வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஒத்திகைக்கு மணிக்கு இவ்வளவு, நிகழ்ச்சி முடிந்து இத்தனை நாளில் பணம் என்று இரண்டு வரி சேர்க்க ஏற்பாட்டாளர்களுக்கு என்ன தடை?

இப்படிக்கு,
ஒரு தாய், ஈசூன்