கேமரன் மலைக்கு மோட்டார்ஹோம்ல போற குடும்பங்களுக்கு, தாப்பாவுல இருந்து ஒரு மடல்

வணக்கம். வீட்டையே வண்டியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போற அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிங்களே, நான் மலேசியாவுல, கேமரன் மலை அடிவாரத்துல இருக்கிற தாப்பாவுல லோரி, வேன் பார்க்குற பட்டறை வச்சிருக்கேன். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினவரு, அந்த லோரிக்கு அடியில படுத்துத்தான் நான் ஸ்பானர் பிடிக்கவே கத்துக்கிட்டேன். பால்மரம் நின்ன இடமெல்லாம் இப்ப செம்பனை ஆயிடுச்சு, ஆனா மலை அதே மலைதான், வளைஞ்சு வளைஞ்சு ஏறுற 59 ஆம் நம்பர் ரோடும் அதேதான். ஸ்கூல் லீவு விட்டா போதும், ஹைவேயில இருந்து இறங்குற மோட்டார்ஹோமும் கேம்பர்வேனும் எங்க கடைத்தெரு வழியா போய்க்கிட்டே இருக்கும், ஒண்ணு கூட நிக்காது. என்னோட வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான், மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் அடிவாரத்துல தங்கி வண்டியைப் பாருங்க. என் பட்டறைக்குத்தான் வரணும்னு சொல்லல, எங்க பார்த்தாலும் சரி.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, போன வருஷம் லீவுல ஒரு குடும்பம் வாடகை மோட்டார்ஹோம்ல மலையில இருந்து இறங்கி வந்து என் வாசல்ல நிறுத்தினாங்க, ஒரு பாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, புருஷன் பொண்டாட்டி. ஓட்டிக்கிட்டு வந்த தம்பிக்கு கை நடுங்குது. முன் சக்கரத்துல இருந்து புகை வருது, கருகின வாடை தெரு முழுக்க. மலை மேல இருக்கிற ரிங்லெட் ஊரைத் தாண்டி பாதி தூரம் இறங்கினதும் பிரேக்கை மிதிச்சா மெத்தையை மிதிக்கிற மாதிரி உள்ள போச்சு அண்ணே, ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் நின்னோம், அப்புறம் திரும்ப கெட்டியாயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சு ஓட்டிட்டு வந்துட்டோம்னு சொல்றாரு. சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தா டிஸ்க், அதான் சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு, நீலம் பாரிச்சு கிடக்கு, அதைக் கவ்விப் பிடிக்கிற பேட்ல தேயுற பாகம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, இன்னொரு பக்கம் வெறும் இரும்பு இரும்போட உரசியிருக்கு. ஆயிலை வெளிய விடுற நிப்பிளைத் திறந்து பிரேக் ஆயிலை போத்தல்ல பிடிச்சா கோப்பி ஓ மாதிரி கருப்பா வருது. வாடகைக்கு விட்டவங்க எத்தனை வருஷமா அதை மாத்தலையோ. அந்தப் பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசல, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அந்தத் தம்பி ஒண்ணும் மோசமான டிரைவர் இல்ல, காரை ஓட்டுற மாதிரியே இதையும் ஓட்டியிருக்காரு, அவ்வளவுதான். மலை மேல இருக்கிற தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேல இருக்கு, நாங்க இருக்கிறது அடிவாரம். சாமான் எல்லாம் ஏத்தினா 3 டன்னுக்கு மேல இருக்கிற வண்டி, அவ்வளவு உயரத்துல இருந்து டி கியர்லயே வெறும் பிரேக்கைப் பிடிச்சு இறங்கினா அந்தச் சூடு எல்லாம் டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான் போகும், அங்க இருந்து பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், அதுதான் அதோட குணம். டாட் 3ங்கிற (DOT 3) ரக பிரேக் ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், தண்ணி ஏறிப்போச்சுன்னா 140 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சிடலாம். கொதிச்சா உள்ள ஆவி குமிழி கட்டும், ஆயிலை அமுக்க முடியாது ஆனா ஆவியை அமுக்கலாம் இல்லையா, அதனாலதான் பெடல் சும்மா உள்ள போகுது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயில் ஆயிடும், பெடல் கெட்டியாயிடும், நீங்களும் சரியாயிடுச்சுன்னு நம்பிடுவீங்க, அடுத்த பத்து வளைவுல மறுபடியும் அதேதான் நடக்கும்.

அதனால தயவு செஞ்சு கேளுங்க, எந்த கியர்ல ஏறினீங்களோ அந்த கியர்ல இறங்குங்க. ஆட்டோ கியர்னா கையால 2ன்னோ Lன்னோ போட்டிருக்கிற சின்ன கியருக்குப் போடுங்க, இன்ஜின் சத்தம் கூடினா பயப்படாதீங்க, அது வண்டியைப் பிடிச்சு நிறுத்துற சத்தம். பிரேக் மேல கால் வச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடுங்க, ஆற விடுங்க. பின்னால காய்கறி லோரிக்காரர் ஹாரன் அடிச்சா ஓரம் ஒதுங்கி விட்டுடுங்க, அவரு தினம் போற ரோடு. வாடை வந்தா நிறுத்துங்க, சூடான டிஸ்க்ல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, வெடிப்பு விட்டுடும்.

டயரும் அதே மாதிரிதான். மோட்டார்ஹோம் வருஷத்துல பாதி நாள் சும்மா நிக்கிற வண்டி, டயர் பூ, அதான் ரோட்டுல படுற வெட்டுப் பாகம், தேயாம இருக்கும், பார்க்க புதுசு மாதிரி இருக்கும், ஆனா ரப்பர் செத்துப் போயிருக்கும். டயர் பக்கவாட்டுல டாட்ன்னு (DOT) எழுதியிருக்கிற வரிசையில கடைசி 4 நம்பரைப் பாருங்க, 2317ன்னா 2017 ஆம் வருஷம் 23 ஆவது வாரம் செஞ்சது. ஓரத்துல மெல்லிசா வெடிப்பு விட்டிருந்தா பூ இருந்தாலும் மாத்திடுங்க, ஸ்பேர் டயரையும் சேர்த்துப் பாருங்க, அதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. அப்புறம் தண்ணித் தொட்டி, 100 லிட்டர்னா 100 கிலோ, அதை நிரப்பிக்கிட்டு ஏன் ஏறணும், கொஞ்சமா வச்சுக்கிட்டு மேல போய் பிடிச்சுக்குங்க. கேஸ் தோம்பை, அதான் சிலிண்டரை, வண்டி ஓடும்போது மூடிடுங்க, சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும், படுத்திருக்கிற பிள்ளைங்க மூக்குக்குத்தான் முதல்ல போகும்.

ஒரு நாள் தங்கினா என்ன பார்க்குறதுன்னு கேப்பீங்க. வண்டி பட்டறையில நிக்கிற நேரத்துல பசியாறிட்டு வாங்க. மலை ரோட்டுல கொஞ்ச தூரத்துலயே குவாலா வோ இருக்கு, ஆத்துக்குப் பக்கத்துல வெந்நீர் ஊத்து, பெரியவங்க காலை வச்சுக்கிட்டு உட்காரலாம். தெலுக் இந்தான் போனீங்கன்னா 1885ல கட்டின சாஞ்ச கோபுரம், முன்ன ஊருக்குத் தண்ணி வச்சிருந்த கோபுரம் அது. வடக்கே பத்து காஜாங்கிற ஊர்ப் பக்கம் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித்ங்கிற ஸ்காட்லாந்து தோட்டத்துரை கட்ட ஆரம்பிச்சது, அவரு 1926ல லிஸ்பன்ல செத்துப் போனதும் அப்படியே நின்னுபோச்சு. எல்லாரும் மாளிகையை மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க, நீங்க பக்கத்துல இருக்கிற கோயிலுக்கும் போங்க. வேலை செஞ்ச நம்ம ஆளுங்க காய்ச்சல் வந்து செத்தப்போ கட்டின கோயில்னு சொல்வாங்க, கூரையில சாமி சிலைங்களோட தொப்பி போட்ட துரையும் நிக்கிறாரு. பிள்ளைங்களுக்கு அதைக் காட்டுங்க, அந்தச் செங்கல்லை யாரு தூக்கினாங்கன்னு சொல்லுங்க. மேல தேயிலைத் தோட்டத்துல நிக்கும்போதும் அதையே சொல்லுங்க, போ (BOH) தேயிலைத் தோட்டம் 1929ல ஆரம்பிச்சது, காட்டை வெட்டி அந்தச் சரிவுல செடி வச்ச கைகள்ல நம்ம பாட்டன் பாட்டிங்க கையும் உண்டு. அந்தத் தோட்டத்தோட சுங்கை பாலாஸ் பக்கம் போற ரோடு ரொம்ப ஒடுக்கம், பெரிய வண்டியை மெயின் ரோட்டுப் பக்கமே விட்டுட்டு வேற சின்ன வண்டியில போறது நல்லது.

வழியில லாத்தா இஸ்கண்டார் அருவிகிட்ட நிறுத்துங்க, இன்ஜினும் ஆறும். ரோட்டோரம் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் பெத்தாய்க் காயும் தேனும் விப்பாங்க, பேரம் பேசாம வாங்குங்க. கழிவுத் தண்ணிக் குழாயை மட்டும் அங்க திறந்து விட்டுடாதீங்க, அந்த ஓடை எல்லாம் கீழ எங்க பத்தாங் பாடாங் ஆத்துக்குத்தான் வருது, எங்க பிள்ளைங்க குளிக்கிற ஆறு.

காலையில கிளம்புங்க, சாயங்கால மழைக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுங்க. ரோடு பயமா இருந்தா சிம்பாங் பூலாய் வழியா போங்க, அகலமான ரோடு, ஆனா அங்கயும் இறக்கம் இறக்கம்தான், கியர் விஷயம் மாறாது. வாடகை வண்டியா இருந்தா சாவி வாங்கும்போதே பிரேக் ஆயில் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா மாத்திக் குடுத்தாத்தான் எடுப்பேன்னு சொல்லுங்க. பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தாலும் அதே பேச்சுத்தான்.

இறங்கி வர்றப்போ பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருந்தாக்கூட வண்டியை ஓட்டாதீங்க, பக்கத்துல இருக்கிற எந்தப் பட்டறைக்காவது போன் போடுங்க, ராத்திரியானாலும் நாங்க ஏறி வருவோம்.

இப்படிக்கு,
தாப்பா பட்டறைக்காரன்