றேஸ் சாமான் ஏன் பூட்டுவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சைலன்சரை வெட்டித் தாங்கோ, கண்ணாடியைக் கழற்றுங்கோ, வெட்டில்லாத றேஸ் ரயர் போடுங்கோ என்று வரும் பொடியளைக் கொஞ்ச நாளாகத் திருப்பி அனுப்புகிறோம். "அண்ணைக்கு றேஸ் எண்டால் என்னெண்டு தெரியாது" என்று ஒரு தம்பி முறைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் தெரியும் தம்பி.

அகதியாகத் தமிழ்நாட்டில் இருந்த நாளில் ஒரு கராஜில் கையாளாக நின்றேன். முதலாளி ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப் போனார். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி 1990இல் திறந்த ஓடுதளம். அதற்கு முதல், உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில்தான் ஓட்டம். எங்கள் நாட்டிலும் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் அதே கதைதான். நேரான அகலப் பாதை, குறுக்கே மாடு வராது, வேறென்ன வேண்டும்?

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.717 கிலோமீற்றர், 12 வளைவு. பிரித்துச் சின்னச் சுற்றாகவும் ஓடலாம். மோட்டார் சைக்கிள், கார், ஒற்றை இருக்கை வண்டி எல்லாம் அங்கே ஓடும். போர்மியூலா 1 வரை போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அங்கே ஓடியவர்.

அங்கே என் கண்ணில் பட்டது வண்டி எஞ்சினின் ஒயில் இறக்கும் நட்டு. அதன் தலையில் ஊசித்துளை போட்டு, கம்பி கோத்து, முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அது கழன்று ஒயில் சிந்தினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சறுக்குவார்கள். வளைவுக்கு வெளியே ஆழமாகச் சரளை. விழுந்தால் வண்டி அதற்குள் புதைந்து நிற்கும். ஆங்காங்கே கொடியோடு ஆள்: மஞ்சள் என்றால் முந்தாதே, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். அம்புலன்ஸ் நிற்காமல் ஒரு வண்டியும் புறப்படாது.

எங்கள் ஏ9 வீதியில் றோட்டை விட்டு விலகினால் சரளையா இருக்கிறது? மதகுக் கட்டு. இரவில் காப்பெற் றோட்டின் சூட்டுக்கு மாடு படுத்திருக்கும், மஞ்சள் கொடி காட்ட ஆளில்லை. வெட்டில்லாத ரயர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். மாரி மழையில் தண்ணீரைத் தள்ள வழியில்லாமல் வழுக்கும். வெட்டின சைலன்சரால் வேகம் கூடுவதுமில்லை, ஊர்தான் எழும்பும்.

ஆகவே அந்த வேலை எங்களிடம் இல்லை. ஏற்கனவே வெட்டியவர்கள் கொண்டு வந்தால் பழையபடி ஒட்டித் தருவோம். கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும். சைலன்சருக்குள் இருந்து கழற்றின உள்குழாய் வீட்டில் கிடந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். புதிது வவுனியாவில் இருந்து வர ஒரு கிழமை செல்லும்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ்காரர்,
மாங்குளம்